ஹூக்காவும் தண்ணீரும் யார் கையில்?

2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கையின் இரண்டாம் அத்தியாயம் இந்திய மக்களின் மனத்தை ஆராயப் புகுந்தது. நடத்தைப் பொருளாதாரத்துக்காக 2017இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தாலரின் ‘நட்ஜ்’ என்னும் கருத்தை, அதாவது முழங்கையால் இலேசாக இடித்து ஒருவரை வழிக்குக் கொண்டுவரலாம் என்பதை, அரசின் கொள்கையாகவே அது முன்மொழிந்தது. மக்கள் ஒரு தீய வழக்கத்தைக் கைவிடாதிருப்பதற்கு அவர்களுடைய மனப்பாங்கே காரணம். அண்டை வீட்டார் மாறிவிட்டார்கள் என்று காட்டினால் இவர்களும் மாறுவார்கள். அதற்கு முழக்கமும் விளம்பரமும் மகளுடன் எடுத்துக்கொண்ட தற்படமும் போதும் என்பது அதன் சாரம். தூய்மை இந்தியாத் திட்டமும், ‘பெண் குழந்தையைக் காப்போம், பெண் குழந்தைக்குக் கற்பிப்போம்’ திட்டமும் இதற்கு வெற்றிச் சான்றுகளாகக் காட்டப்பட்டன.

அதே அத்தியாயம் வரி ஏய்ப்பைப் பற்றியும் பேசுகிறது. ஒரு மாவட்டத்தில் மிக அதிகமாக வரி செலுத்தும் 10 பேருக்கு விமானம் ஏறுவதில் முன்னுரிமை அளிக்கலாம். சுங்கச்சாவடியில் தனிப் பாதை விடலாம். பத்தாண்டுக் காலம் அதிக வரி செலுத்தியவர்களின் பெயரைச் சாலைக்கும் ரயிலுக்கும் மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சூட்டலாம் என்கிறது. சட்டப்படி கட்டியாக வேண்டிய வரியைக் கட்டியதற்கு இவ்வளவு மரியாதை! கடனைத் திருப்பித் தராதது பாவம் என்று மத நூல்கள் சொல்வதையும் நினைவூட்டலாமாம். வங்கிகளை மொட்டையடித்துவிட்டு லண்டனில் குடியேறியவர்கள் வேதம் படித்து மனம் திருந்துவார்கள் என்று நிதியமைச்சகம் உண்மையிலேயே நம்பியதா என்பது நமக்குத் தெரியாது.

ஏழைகள் ‘நெறி தவறும்’போது இந்த மென்மை எங்கே போகிறது? 2015இல் ஹரியானா மாநில பாஜக அரசு பஞ்சாயத்துராஜ் சட்டத்தைத் திருத்தியது. குறிப்பிட்ட பள்ளிப் படிப்பு இல்லாதவர்களும், கூட்டுறவுக் கடனையோ மின் கட்டணத்தையோ பாக்கி வைத்திருப்பவர்களும், வீட்டில் கழிப்பறை இல்லாதவர்களும் உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட முடியாது என்றாயிற்று. தலித் பெண்களில் பாதிக்கும் மேலானோர் ஒரே அடியில் தகுதியிழந்தனர். ராஜ்பாலா வழக்கில் 2015 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. ஒருவர் வீட்டில் இன்னமும் கழிப்பறை இல்லையென்றால் அதற்குக் காரணம் வறுமை அன்று, கட்டிக்கொள்ளும் விருப்பம் இல்லாமையே என்று அந்தத் தீர்ப்பு விளக்கமும் கூறியது. ‘மனநிலை’ என்னும் சொல் நீதிமன்றத்தின் வாயில் நுழைந்தவுடன் தண்டனையாக மாறிவிட்டது.

2019 செப்டம்பர் 25 அன்று மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்தில், பாவ்கேடி என்னும் கிராமத்தில், திறந்தவெளியில் மலம் கழித்ததற்காக இரண்டு தலித் குழந்தைகள் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுடைய வீட்டில் கழிப்பறை இல்லை. சரியாக ஒரு வாரம் கழித்து, காந்தி பிறந்த நாளில், கிராமப்புற இந்தியா திறந்தவெளி மலம் கழித்தலிலிருந்து விடுபட்டுவிட்டதாகப் பிரதமர் அறிவித்தார்.

பெண் குழந்தைத் திட்டத்தின் கதை என்ன? 2015 ஜனவரி 22 அன்று ஹரியானாவின் பானிப்பட்டில் அது தொடங்கி வைக்கப்பட்டது. இடத் தேர்வுக்குக் காரணம் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 834 பெண்கள் என்ற நிலையில் மாநிலங்களிலேயே கடைசியில் இருந்தது ஹரியானா. திட்டத்துக்கு 2016 முதல் 2019 வரை விடுவிக்கப்பட்ட 446.72 கோடி ரூபாயில் 78.91 சதவீதம் ஊடக விளம்பரத்துக்கே செலவிடப்பட்டதை, பாஜக உறுப்பினர் ஹீனா காவித் தலைமையிலான நாடாளுமன்றக் குழுவே 2021இல் எடுத்துச் சொன்னது. விளம்பரத்துக்குப் போக மிஞ்சியதில்தான் பெண் குழந்தையின் பள்ளியும் மருத்துவமும் நடக்க வேண்டும். இதற்கிடையில், 2017இல், ஹரியானா அரசின் வேளாண் இதழ் முக்காடிட்ட பெண்ணொருத்தியின் படத்தை வெளியிட்டு, முக்காடே மாநிலத்தின் அடையாளம் என்று பெருமைப்பட்டுக்கொண்டது. ஒரு கையால் தற்படம்; மறு கையால் முக்காடு.

பாதி உண்மையும் மறைக்கப்படும் பாதியும்

‘மனநிலை’க் கோட்பாட்டில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் நல்லெண்ணம் கொண்ட பலரும் அதில் மயங்குகின்றனர். ஒருவர் ஒரு வழக்கத்தைப் பின்பற்றுவதற்கு அதைச் சரியென்று அவர் நம்புவது மட்டுமே காரணமாக இருப்பதில்லை. மற்றவர்கள் பின்பற்றுகிறார்கள், தாமும் பின்பற்ற வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணமே பல நேரங்களில் போதுமானதாகிவிடுகிறது. ஊரில் பத்துப் பேருக்கும் வரதட்சணை பிடிக்காமலிருக்கலாம். மற்ற ஒன்பது பேருக்கும் அது பிடித்திருக்கிறது என்று பத்துப் பேரும் தனித்தனியே எண்ணிக்கொண்டு, பத்துப் பேரும் வாங்கவும் கொடுக்கவும் செய்யலாம். இத்தகைய மௌனத்தைக் கலைப்பதற்குப் பிரச்சாரம் உதவும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கதை இங்கே முடிவதில்லை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் மார்க்சியர் அல்லர். எனினும், சமூக நெறி என்பது தனிமனிதருக்கு வெளியே நின்று அவரை நெருக்கும் ஆற்றல் என்றும், இணங்கிப் போகிறவருக்கு அந்த நெருக்குதல் தெரிவதேயில்லை, எதிர்த்துப் பார்ப்பவருக்கே தெரியும் என்றும் 1895இலேயே அவர் விளக்கினார். அப்படியானால் அடுத்த கேள்வி எழ வேண்டும். நெருக்கும் ஆற்றல் யாரிடம் இருக்கிறது? எதைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் நெருக்குகிறார்கள்? நெறியை மீறுகிறவர் கொடுக்க வேண்டிய விலையை நிர்ணயிப்பது யார்? பொருளாதார ஆய்வறிக்கை கேட்க மறுப்பது இந்தக் கேள்விகளைத்தான். கேட்டால் பதில் நிலத்தில் போய் நிற்கும்.

நிலம் சொல்லும் கதை

ஹரியானாவையே எடுத்துக்கொள்வோம். விதவை மறுமணத்தைப் பற்றி இரண்டு நேரெதிரான வழக்கங்கள் வட இந்தியாவில் அருகருகே நிலவின. மேல்சாதியினரிடையே விதவை மறுமணம் பெரும் பாவம். ஹரியானாவின் ஜாட் விவசாயிகளிடையேயோ, விதவை மறுமணம் செய்தாக வேண்டும்; அதுவும் இறந்துபோன கணவனின் தம்பியை அல்லது அந்தக் குடும்பத்து ஆண் ஒருவரை. ‘கரேவா’ என்று இதற்குப் பெயர். அவள் தலைமீது ஒரு துணியைப் போர்த்திவிட்டால் திருமணம் முடிந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் கரேவாவை முற்போக்கு வழக்கம் என்று பாராட்டியதும் உண்டு.

வரலாற்றாசிரியர் பிரேம் சௌத்ரி காலனியாட்சிக் கால ஹரியானாவைப் பற்றிய தமது ஆய்வில் இந்தப் பாராட்டைத் தலைகீழாக்கினார். விதவைக்குக் கணவனின் நிலத்தின்மீது ஆயுட்கால உரிமை இருந்தது. அவள் தனியே வாழ்ந்தால் நிலம் அவள் வசம் இருக்கும். கொழுந்தனை மணந்தால் அந்த உரிமை போய்விடும், நிலம் ஆண்களின் கைக்குத் திரும்பும். வயலில் பாடுபடும் அவளுடைய உழைப்பும் குடும்பத்தை விட்டு வெளியேறாது. கரேவாவை மறுத்து அதிகாரிகளிடம் முறையிட்ட விதவைகள் இருந்தனர். ஆனால், ராணுவத்துக்கு ஆள் தரும் நிலவுடைமைச் சாதியைக் கலங்கடிக்க விரும்பாத பிரிட்டிஷ் அதிகாரிகள் வழக்கத்தின் பக்கமே நின்றனர்.

மேல்சாதி வீட்டில் அவள் மறுமணம் செய்யக் கூடாது. விவசாயி வீட்டில் அவள் மறுமணம் செய்யாமல் இருக்கக் கூடாது. இரண்டு இடத்திலும் நிலம் அவளுடையதாகிவிடக் கூடாது. இரண்டையும் சாத்திரம் என்றும் சம்பிரதாயம் என்றும் அந்தந்த ஊர்ப் பெரியவர்கள் விளக்கினார்கள். விதவைகளில் பலரும் அதை நம்பியிருக்கவும் கூடும். நம்பிக்கை பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

இன்றைய நிலை என்ன? 2005இல் இடதுசாரிகளின் ஆதரவோடு ஆட்சியிலிருந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர் ஆனாள். விவசாய நிலத்தை இந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்க வழிசெய்த 4(2) பிரிவும் நீக்கப்பட்டது. 1979இலேயே, மகள்களின் வாரிசுரிமையைக் குறைக்கும் திருத்தமொன்றை ஹரியானா சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பிவைத்திருந்தது என்பதை நினைவில் கொண்டால், 2005 திருத்தம் எந்த நரம்பைத் தொட்டது என்பது விளங்கும். ஆனால் சட்டம் வந்த பிறகும் சகோதரிகள் பதிவு அலுவலகத்துக்கு வருகிறார்கள். உரிமையை விட்டுக்கொடுத்துச் சகோதரனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். பங்கு கேட்டவள் கெட்ட சகோதரி என்பது நெறி. இதை அறியாமை என்று யாராவது சொன்னால் அவர்கள் அந்தப் பெண்களோடு ஒரு நாளும் பேசியதில்லை என்றே பொருள். கணவன் அடித்தால், கைவிட்டால், இறந்தால், அவளுக்குத் திரும்பிப்போக இருப்பது சகோதரனின் வீடு ஒன்றுதான். அரசு தராத பாதுகாப்பை அவள் தன் பங்கு நிலத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறாள். கணக்குத் தெரியாதவள் அல்லள் அவள். விலையை அவளால் மாற்ற முடியவில்லை, அவ்வளவே.

சொந்தக் கோத்திரத்தில் கூடாது, தாயின் கோத்திரத்தில் கூடாது, சொந்த ஊரில் கூடாது, ‘சகோதர’ ஊர்களிலும் கூடாது என்று காப் பஞ்சாயத்துகள் வகுத்திருக்கும் திருமண விதிகளையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மகளைத் தொலைதூர ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டால், சட்டம் தரும் நிலத்தை அவள் வந்து உழ முடியாது. ஊர்விட்டு ஊர் மணம் முடிக்கும் வழக்கத்துக்கும் பெண்களின் நிலவுரிமை மறுப்புக்கும் உள்ள இந்தத் தொடர்பைப் பொருளாதார அறிஞர் பினா அகர்வால் 1994இலேயே விரிவாக எழுதினார். கோத்திர விதி முழுவதும் நிலத்திலிருந்து பிறந்தது என்று கூறுவது மிகையாகும். அது நிலத்தைவிடப் பழையதாகவும் இருக்கலாம். இன்று அதைக் கோடரி கொண்டு காப்பாற்ற வேண்டிய அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

விலை எப்படி வசூலிக்கப்படுகிறது

கைத்தல் மாவட்டம் கரோரா கிராமத்தைச் சேர்ந்த மனோஜும் பப்ளியும் ஒரே கோத்திரத்தினர். 2007இல் வீட்டை விட்டு வெளியேறி மணம் முடித்தனர். நீதிமன்றம் காவல் பாதுகாப்புக்கு உத்தரவிட்டும், அந்த ஜூன் மாதத்தில் பேருந்திலிருந்து இறக்கிக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். உடல்கள் கால்வாயில் கிடைத்தன. இந்தக் கொடுமை நாடறிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மனோஜின் குடும்பத்தைப் பஞ்சாயத்து ஊர்விலக்கு செய்தது. அவர்களோடு உறவு வைத்துக்கொள்பவர் 25,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்று அறிவித்தது. ‘ஹூக்கா-பானி பந்த்’ என்று அந்தப் பகுதியில் சொல்வார்கள். ஒன்றாக அமர்ந்து ஹூக்கா புகைப்பதும் இல்லை, தண்ணீரும் இல்லை. பொருள் கொடுக்கல் வாங்கல் நிற்கும். பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது. பிணத்தைத் தூக்க நான்கு பேர் வரமாட்டார்கள்.

இந்த அறிவிப்பைக் கேட்டுத் தங்கள் கதவை மூடிக்கொண்ட அண்டை வீட்டார் எல்லோரும் கொலையை ஆதரித்தவர்களா? அப்படிக் கருத ஆதாரம் இல்லை. மனத்துக்குள் இரங்கியவர்கள் இருந்திருப்பார்கள். 25,000 ரூபாய் இல்லாதவர்களும், தங்கள் மகளுக்கு அடுத்த ஆண்டு திருமணம் வைத்திருப்பவர்களும் அவர்களுக்குள் இருந்திருப்பார்கள். ஊரின் மௌனத்தை வெளியூர்ப் பத்திரிகையாளர் பார்த்துவிட்டு ‘இது இவர்களுடைய மனநிலை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்.

மனோஜின் தாயும் சகோதரியும் பணியவில்லை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் அவர்களோடு நின்றது; ஹரியானாவில் ஜக்மதி சங்வான் போன்ற தலைவர்கள் மிரட்டல்களுக்கிடையே இந்த வழக்கை ஊர் ஊராகப் பேசினர். 2010 மார்ச் 30 அன்று கர்னால் அமர்வு நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனையும் காப் தலைவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. (மரண தண்டனையை நாம் கொள்கையளவில் ஏற்பதில்லை என்பது வேறு விஷயம்.) 2011இல் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்து ஆயுளாகக் குறைத்ததோடு, காப் தலைவரை விடுவித்தும்விட்டது.

கர்னால் தீர்ப்பு வந்த இரண்டே வாரத்தில் குருக்ஷேத்திரத்தில் காப் மகாபஞ்சாயத்து கூடி, ஒரே கோத்திரத் திருமணத்தைத் தடைசெய்ய இந்து திருமணச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கோரியது. இந்தக் கோரிக்கைக்கு ஆதரவு தெரிவித்தவர்களில் ஒருவர் அப்போது காங்கிரஸ் மக்களவை உறுப்பினராக இருந்த நவீன் ஜிந்தால். அமெரிக்காவில் படித்தவர், எஃகு முதலாளி, இன்று பாஜக உறுப்பினர். முன்னாள் முதல்வர் ஓம் பிரகாஷ் சவுதாலாவும் ஆதரித்தார். படிப்பும் நவீனத் தொழிலும் வந்தால் பழைய நெறிகள் தாமாக உதிரும் என்று எண்ணுபவர்கள் இந்தப் பெயர்களைச் சற்று நேரம் உற்றுப் பார்க்க வேண்டும்.

இனி, இதே ஹரியானாவின் இன்னொரு வழக்கம். பெண் சிசுக்களைக் கருவிலேயே அழித்ததன் விளைவாக மணப்பெண் கிடைக்காத ஆண்கள் மேற்கு வங்கம், அசாம், ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் ஆகிய மாநிலங்களிலிருந்து பணம் கொடுத்துப் பெண்களைக் கொண்டுவருகின்றனர். ‘மோல்கி’ என்று அந்தப் பெண்களை அழைக்கிறார்கள். விலைக்கு வாங்கப்பட்டவள் என்பது பொருள். அவளுடைய கோத்திரம் என்ன? சாதி என்ன? மொழி என்ன? யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் சொன்னதை ஏற்றுக்கொள்கிறார்கள். தன் விருப்பத்தால் ஒரு பெண் கோத்திர எல்லையைத் தாண்டினால் கொலை; நிலத்துக்கு வாரிசு வேண்டி ஓர் ஆண் சாதி, மாநில எல்லைகளையெல்லாம் தாண்டினால் அது ‘நிர்ப்பந்தம்’. வறுமைப்பட்ட வீட்டிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்குப் பின்னால் சகோதரர்கள் இல்லை, பங்கு கேட்கத் தகப்பன் நிலம் இல்லை, ஓடிப்போனால் போய்ச்சேர ஊரும் அருகில் இல்லை. நெறியை மீறும் உரிமையும் சொத்தைப் போலவே சமமின்றிப் பங்கிடப்பட்டிருக்கிறது.

தலித்துகள் மீதான ஊர்விலக்கில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஹிசார் மாவட்டம் பகானாவில் 2012இல் கிராமப் பொதுநிலத்தில் பங்கு கேட்ட தலித் குடும்பங்கள் புறக்கணிப்புக்கு ஆளாகி ஊரை விட்டே வெளியேறி, மாவட்டத் தலைநகரிலும் பின்னர் டெல்லியிலும் வெட்டவெளியில் கிடந்தனர். வேலை தரும் வயலும், தீவனம் வெட்டும் வரப்பும், நடக்கும் பாதையும் மற்றவர்களுடையவை என்றால், ஒரு தடியைக்கூட ஓங்காமல் ஒரு சேரியையே பணியவைத்துவிடலாம். இதை டாக்டர் அம்பேத்கரைவிடத் தெளிவாக உணர்ந்தவர் இல்லை. லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரும் நம்முடைய ரெட்டைமலை சீனிவாசனும் கூட்டாக அளித்த திட்டத்தில், சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பது தனிக் கோரிக்கையாக இடம்பெற்றது. வாக்குரிமையும் பிரதிநிதித்துவமும் கிடைத்தாலும், கூலி வேலையை நிறுத்திவிட்டால் அவை செல்லாக்காசாகிவிடும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு வெளிப்படையாகக் குற்றமாக்கப்பட்டது 2015 திருத்தத்தில்தான். இடையில் 80 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

நெறிகள் எப்போது உடைகின்றன?

நம் அணியிலும் ஒரு சோம்பேறித்தனமான விளக்கம் உலவுவதுண்டு. உற்பத்தி முறை மாறினால் எல்லாம் மாறும், அதுவரை காத்திருப்போம் என்பது அது. ஹரியானா இதற்கும் மறுப்பு. பசுமைப் புரட்சி வந்தது, டிராக்டர் வந்தது, குருகிராமில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன, நிலத்தின் விலை விண்ணைத் தொட்டது. விலை ஏறிய நிலத்தைக் காக்க வழக்கம் மேலும் இறுகியது. கருவில் இருப்பது பெண்ணா என்று கண்டறியும் கருவியும் நவீன அறிவியல் கொண்டுவந்ததுதான்.

நெறி உடைவது, மீறலின் விலையைத் தனியொருவர் சுமக்க வேண்டியிராதபோது. 2020 நவம்பர் முதல் 2021 டிசம்பர் வரை டெல்லி எல்லைகளில் இதைக் கண்டோம். முதியோரையும் பெண்களையும் போராட்டக் களத்தில் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தது. ஜனவரி 18 அன்று நாடெங்கும் பெண் விவசாயிகள் தினத்தை நடத்திப் பெண்கள் பதிலளித்தனர். ஜிந்த் மாவட்டக் கிராமங்களில் பெண்கள் டிராக்டர் ஓட்டப் பயின்றனர். மாமனார் முன்னிலையில் முகம் காட்டாதவர்கள் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தனர். எந்த ‘தூதரும்’ அவர்களுக்கு முழங்கை இடி கொடுக்கவில்லை. நிலம் கார்ப்பரேட்டுகளின் கைக்குப் போய்விடும் என்ற ஆபத்தில், அந்த நிலத்தில் பெரும்பகுதி உழைப்பைச் செலுத்துபவர்களைக் களத்தில் நிறுத்தாமல் வெல்ல முடியாது என்ற நிலை வந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒருசேர மீறியபோது தண்டிக்க ஆளில்லை. தண்டிக்க வேண்டியவர்களும் அதே கூடாரத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தனர்.

2013 கலவரத்தில் ஜாட்டுகளும் முஸ்லிம்களும் பிரிக்கப்பட்ட முசாபர்நகரில், 2021 செப்டம்பர் 5 மகாபஞ்சாயத்து மேடையிலிருந்து இரு மதத்தாரின் முழக்கங்களும் ஒன்றாக எழுந்தன. 2023இல் பாஜக மக்களவை உறுப்பினர் பிரிஜ் பூஷண் சரண் சிங்குக்கு எதிராக மல்யுத்த வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் அமர்ந்தபோது காப் பஞ்சாயத்துகளும் துணைக்கு வந்தன.

இதைக் கண்டு காப் பஞ்சாயத்துகள் திருந்திவிட்டன என்று சிலர் எழுதினர். அவ்வளவு எளிதாக ஏமாற வேண்டியதில்லை. வீராங்கனைகளுக்காக வந்தவர்கள் ‘எங்கள் மகள்களின் மானம்’ என்றுதான் பேசினர். அதே மகள் தன் விருப்பப்படி மணமகனைத் தேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. விவசாயிகள் போராட்டத்தில் நிலமற்ற தலித் தொழிலாளர்களின் பங்கேற்பும் அவர்களுடைய கூலிக் கோரிக்கையும் நிலவுடைமை விவசாயிகளுடையதற்கு ஈடாக ஒருபோதும் எழவில்லை. பொதுநிலத்தில் தலித்துகளின் பங்கு என்ற பேச்சை எடுத்தால் கூடாரத்து ஒற்றுமை எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்? ஓரிடத்தில் உடைந்த வழக்கம் இன்னோரிடத்தில் தானாக உடைவதில்லை. களம் முடிந்து வீடு திரும்பிய பெண்களில் எத்தனை பேருடைய முக்காடு திரும்பவும் இறங்கியது என்பதை அந்தந்தக் கிராமத்தில் அமைப்பு தொடர்ந்து இயங்குகிறதா இல்லையா என்பதே தீர்மானித்திருக்கும். மாதர் சங்கக் கிளையும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் உள்ள ஊரில் ஊர்விலக்கு அறிவிப்பவர் இருமுறை யோசிக்கிறார். விலக்கப்பட்ட குடும்பத்துக்குக் கடன் கொடுக்கவும், வழக்கு நடத்தவும், இரவில் காவலிருக்கவும், பிள்ளைகளுக்கு வரன் பார்க்கவும் அங்கே ஆளிருப்பதுதான் காரணம். எந்த ஆய்வறிக்கையிலும் இடம்பெறாத சலிப்பூட்டும் வேலைகள் இவை.

அரசும் ஒரு காப் ஆகிறது

சட்டத்தால் மனத்தை மாற்ற முடியாது என்று ஆட்சியாளர்கள் அடிக்கடி சொல்வார்கள். மனம் இருக்கட்டும்; விலையைச் சட்டத்தால் மாற்ற முடியும். ஆணவக் குற்றங்களுக்கு எதிராக மாதர் சங்கமும் பிற பெண்கள் அமைப்புகளும் 2010இல் நகல் மசோதா ஒன்றைத் தயாரித்து அளித்தன. 2012இல் சட்ட ஆணையம் தனது 242ஆவது அறிக்கையில், திருமணச் சுதந்திரத்தில் தலையிடும் கூட்டங்களைத் தடைசெய்யும் மசோதா ஒன்றை முன்வைத்தது. வயதுவந்த இருவரின் திருமணத்தில் காப் பஞ்சாயத்து குறுக்கிடுவது முற்றிலும் சட்டவிரோதம் என்று 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறி, சட்டம் இயற்றப்படும்வரை பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளையும் வகுத்தது. காங்கிரஸ் தலைமையிலான அரசும் செய்யவில்லை. முத்தலாக்கைக் குற்றமாக்க அவசரச் சட்டங்களை அடுத்தடுத்துப் பிறப்பித்த பாஜக அரசும் இதைத் தொடவில்லை. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் பட்டப்பகலில் நடந்த படுகொலையைக் கண்ட தமிழ்நாட்டு வாசகர்களுக்கு, இது வடக்கின் நோய் மட்டும் அன்று என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

செய்யாமல் விட்டது ஒருபுறம். செய்திருப்பது என்ன? 2025 ஜனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்துள்ள உத்தராகண்ட் பொது சிவில் சட்டம், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இருவரும் தங்கள் உறவைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் பதிவு செய்யாமல் வாழ்ந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விவரம் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போகும். ஒருவருக்கு 21 வயது நிறையவில்லையென்றால் பெற்றோருக்கும் தெரிவிக்கப்படும். கரோராவில் ஊர்ப் பஞ்சாயத்து விதித்த அபராதத்தை டேராடூனில் அரசிதழ் விதிக்கிறது. ‘லவ் ஜிகாத்’ என்று பூச்சாண்டி காட்டிப் பல மாநிலங்களில் பாஜக அரசுகள் கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டங்கள் இதே வேலையை மத எல்லையில் செய்கின்றன.

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமோ சாதி, மத எல்லை தாண்டி மணம் முடிப்போருக்காகவே இயற்றப்பட்டது. அதன்படியும், மணம் செய்ய விரும்புவோர் 30 நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர்களுடைய பெயர், வயது, தொழில், முகவரி அடங்கிய அந்தத் தாள் பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்படும். ஒன்றிய அரசு இந்தப் பிரிவை நீக்க வேண்டும். சட்ட ஆணையமும் மாதர் அமைப்புகளும் அளித்த மசோதாக்களை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் கூறிய பாதுகாப்பு இல்லங்களை ஒவ்வொரு மாவட்டத்திலும் திறந்து அவற்றுக்கு நிதி ஒதுக்க வேண்டும். விளம்பரத்துக்கு 446.72 கோடியில் 78.91 சதவீதம் கிடைத்த நாட்டில் இதற்குப் பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.